பட்டப்பகலில் இருட்டுது என்றாய்

இன்று காலை மகள் வீட்டுக்குத் தண்ணீர் வடிகட்டி பொருத்த ஒரு பையன் வந்தான். வேலையை முடித்ததும் ஒரு கிளாஸில் தண்ணீர் பிடித்து என் கையில் கொடுத்தான். "எவ்வளவு கிளியரா இருக்கு பாருங்க அங்கிள். குடிச்சுப் பாருங்க லா" என்றான். கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். தண்ணீரில் எதுவுமே இல்லை. குடிக்க முடியாமல் மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் வந்து உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எழுபதுகளின் கடைசி. நம் இருவருக்கும் ஒரே வயது. நான் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கு எண்ணெய் விடுபவன். நீ குன்றின் மேலே, லயத்து வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளர் குடும்பங்களுக்கெல்லாம் தண்ணீர் விடும் தொட்டியைப் பார்த்துக்கொள்பவன். சர்டிபிகேட் பரீட்சை எழுதி மலையை விட்டு இறங்கிவிட வேண்டும் என்று கீழே ஈப்போ டவுனில் பழைய பொறியியல் வேதியியல் புத்தகம் ஒன்றை வாங்கினோமே. மசகு எண்ணெய்ப் பாடம் எனக்கு, தண்ணீர்ப் பாடம் உனக்கு. வாரம் முழுக்கப் படித்ததை ஞாயிற்றுக்கிழமைகளில் மலை மேலேயே இருக்கும் தானா ராத்தா டவுன் தேநீர்க் கடையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம். மலைத்தண்ணீருக்குப் படிகாரம் மட்டும் போட்டால் சேறு சரியாகத் திரளாது, கூடவே சுண்ணாம்பும் வேண்டும் என்று அங்கேதான் சொன்னாய். நல்ல எண்ணெய் உலோகத்தை எப்படிப் பற்றிக்கொள்ளும், எவ்வளவு பாரம் ஏறினாலும் எப்படி விலகாது என்று நான் சொன்னேன். "தண்ணியப் பாக்காதடா, தண்ணிக்குள்ள யாரு இருக்கான்னு பாரு" என்பது உன் பேச்சு. புத்தகத்தில் அப்படி ஒரு வரி இல்லை.

அன்று காலை எனக்கு விடுமுறை. நான் மேலே வந்தபோது தொட்டிக்கரையில் குந்தியிருந்தாய். மழை விட்டு இரண்டு நாளாகியிருந்தது. தண்ணீர் தெளிந்து, அடிச் சிமெண்டின் விரிசல்கூடத் தெரிந்தது. மேலே ஓடும் பூச்சிகளைக் காணோம். தவளைச் சத்தமும் இல்லை. அடியில் கறுப்பு அரிசி சிந்தினாற்போல் தலைப்பிரட்டைகள் அசையாமல் கிடந்தன. லயத்துக்குப் போகும் குழாயில் ப்ளீச்சிங் பவுடர் கலந்து வரும் தண்ணீரைப் பிடித்து, சோதனை மருந்தைச் சொட்டி, சீசாவை என் முன் நீட்டினாய். வழக்கமாக இளமஞ்சளாக இருப்பது அன்று அடர்ந்த மஞ்சளாக இருந்தது. போட்ட பவுடர் செலவாகாமல் மிஞ்சியிருக்கிறது என்று அர்த்தம்.

"பவுடருக்குத் திங்க ஒண்ணும் கிடைக்கலடா. உள்ள எல்லாம் செத்துப்போச்சு."

சொல்லிவிட்டு லயத்துக்குப் போகும் வால்வை இறுக மூடினாய். அரை மணி நேரத்தில் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி மூச்சு வாங்க ஏறி வந்தார். கீழே பெண்கள் வாளியோடு சத்தம் போடுகிறார்களாம்.

"தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு. எதுக்கு மூடினே?"

"அதனாலதான் மூடினேங்கய்யா."

அவர் தொட்டியை எட்டிப் பார்த்தார். அடியில் கிடந்த தலைப்பிரட்டைகளைக் கண்டதும், பெண்களைத் திருப்பி அனுப்ப இறங்கிப் போனார்.

நாம் இருவரும் ஓடையைப் பிடித்து மேலே நடந்தோம். தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கூடவே வந்தது. நண்டில்லை, தும்பி இல்லை. ஒரு மீன்கொத்தி கரையில் செத்துக் கிடந்தது. நடக்க நடக்கப் பூண்டும் மண்ணெண்ணெயும் கலந்தாற்போல் ஒரு வாடை. ஒரு வளைவுக்கு அப்பால் ஓடை வெள்ளை வெளேர் என்று பால் போல ஓடியது. கீழே வேறு ஓடைகள் வந்து கலந்ததில்தான் தொட்டியில் அந்த வெள்ளை தெரியவில்லை. இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு பூச்சிமருந்து டிரம் சிக்கியிருந்தது. மேலே எங்கோ ஒரு காய்கறித் தோட்டத்திலிருந்து மழை உருட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

"இது கரையுற எண்ணெய்டா. நம்ம லேத்துல ஊத்துறோமே, அது மாதிரி. தண்ணி பட்டா பாலாயிரும்" என்றேன். என் பாடம் கண்ணெதிரே ஓடுவதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. இன்றும் அதை நினைத்தால் கூசுகிறது.

"என் தண்ணிக்குள்ள உன் எண்ணெயா?" என்று சிரித்துக்கொண்டே இறங்கினாய். டிரம்மை மார்போடு அணைத்துக் கரைக்கு இழுத்தாய். உன் சட்டை முன்னும் பின்னும் நனைந்துபோனது. டிரம் கிடந்த இடத்துக்கு மேலே ஓடிய நல்ல தண்ணீரை அள்ளி அள்ளி உன் மேல் ஊற்றினேன். போதும் என்று நினைத்தோம்.

இறங்கும் வழியில் உன் நெற்றி வியர்த்துக் கொட்டியது. உடம்போ நடுங்கியது. குளிர் என்று நினைத்து என் ஜாக்கெட்டை அந்தச் சட்டையின் மேலேயே போர்த்தி, கழுத்துவரை பொத்தான் போட்டேன்.

கொஞ்ச தூரம் நடந்து நின்றாய்.

"ஏன்டா இப்படி இருட்டுது?"

நண்பகல். பனி முழுக்க விலகி, தேயிலை மேல் வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. உன் முகத்தைப் பார்த்தேன். கண்ணின் கருமணி கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது. அந்தக் கண்ணால் என்னைத் தேடினாய். "நீ எங்கடா இருக்கே?" என்றாய். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

ரோடு வரை உன்னை முதுகில் தூக்கி வந்தேன். வழியில் வந்த லோரி ஒன்றில் ஏற்றித் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே மருத்துவ உதவியாளராக இருந்த டிரஸ்ஸர் முதலில் ஜாக்கெட்டைக் கழற்றினார், பிறகு சட்டையை. சட்டை இன்னும் பிசுபிசுத்தது. சவுக்காரம் போட்டு உன் உடம்பைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்: "இது மேலயே இருந்துச்சா, இவ்வளவு நேரமும்?"

எண்ணெயை வெறும் தண்ணீர் கழுவாது, சவுக்காரம் வேண்டும் என்பது என் பாடத்தில் இருந்தது. அந்த வரிக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டிருந்தேன். சட்டையைக் கழற்று என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதை விட்டுவிட்டு, மேலே போர்த்தி விஷத்தை உன் தோலோடு வைத்துக் கட்டினேன். பொழுது சாய்வதற்குள் நீ போய்விட்டாய்.

லயத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உன்னைத் திட்டிய பெண்கள் கும்பலாக வந்து அழுதார்கள்.

கருமாதி முடிந்த மறுநாள் உன் மனைவி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் என் ஜாக்கெட், மடித்து வைத்திருந்தாள்.

"சவுக்காரம் போட்டு மூணு தண்ணியில அலசிட்டேண்ணே" என்றாள்.

அந்த விஷம் தோலில் ஏறினால் கருமணி சுருங்கும் என்று டிரஸ்ஸர் சொல்லியிருந்தார். ஜாக்கெட்டை வாங்கவும் தோன்றாமல் அவள் கைகளைப் பார்த்தேன், பிறகு கண்களை. கருமணி அகலமாக, நல்லபடியாக இருந்தது.

"கடைசியா எதாச்சும் சொன்னாராண்ணே?"

"புள்ளைங்களப் பாத்துக்கச் சொன்னான்" என்றேன். பொய். நான் எங்கே இருக்கிறேன் என்று மட்டும்தான் நீ கேட்டாய்.

நான் பரீட்சை எழுதவில்லை. பிறகு மலையை விட்டு இறங்கி, வேறு வேலை பார்த்து, வயதாகியும் விட்டது. யார் வந்து பேசினாலும் முதலில் அவர்கள் கண்ணின் கருமணியைத்தான் பார்க்கிறேன். பேரப்பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். இன்று அந்தப் பையனையும் அப்படித்தான் பார்த்தேன்.

அன்று உன் மனைவி போகும்போது சொன்னது இது: "அவருக்குக் குளிராமப் பாத்துக்கிட்டீங்களாம். லோரிக்காரர் சொன்னாரு. அந்த நன்றிய நான் மறக்க மாட்டேண்ணே."

நான் தலையை ஆட்டி அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன். அவளிடம் உண்மையைச் சொல்லித் திருப்பிக் கொடுக்க எத்தனையோ நாள் இருந்தது. கொடுக்கவில்லை. இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.