கொடிக்கம்பத்தில் மாட்டிய மேசைவிரிப்பு

வெஸ்டர்ஹூல், டென்மார்க்
மார்ச் 9

அன்புள்ள சிக்னேவுக்கு,

அப்பா எழுதுகிறேன். எனக்கு முட்டிவலியைத் தவிர ஒரு குறையும் இல்லை, அம்மாவுக்கு என்னைத் தவிர ஒரு குறையும் இல்லை. பிரிஸ்பேன் வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே. உனக்கு வீடு கட்ட வைத்திருக்கிறேனே கடலோர மேட்டு நிலம், அதைக் காற்றாலைக்குக் கேட்டு எதிர்வீட்டு எப்பே ஆறு மாதமாக என் பின்னால் அலைகிறான். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன், அதற்குள் ஒரு கூத்து நடந்துவிட்டது.

இங்கே இப்போது வீட்டை நடத்துவது காற்றுதான். காற்று பலமாக அடித்தால் மின்சாரம் ஏறக்குறைய இலவசம் என்று அம்மாவுக்குப் போனில் வருகிறது, உடனே துவைப்பது, ரொட்டி சுடுவது, இஸ்திரி எல்லாம் அன்றைக்கே. காற்று ஓய்ந்த நாளில் காபி கேட்டால் முறைக்கிறாள். முப்பத்துநாலு வருஷம் நிலக்கரி மின்நிலையத்தில் கொதிகலன் பார்த்து ஊருக்கே வெளிச்சம் கொடுத்தவனுக்கு இந்தக் கதி. போன ஞாயிறு சூறைக்காற்று. மின்சாரம் சும்மா கிடைக்கிறதென்று வீட்டிலிருந்த துணியையெல்லாம் துவைத்து வெளியே காயப்போட்டாள். மின்சாரத்தை மலிவாக்கிய காற்று துணியை விட்டுவைக்குமா? கிறிஸ்துமஸ் மேசைவிரிப்பு, சிவப்பில் வெள்ளைப் பட்டை போட்டு நம் நாட்டுக் கொடி மாதிரியே இருக்குமே, அது பறந்துபோய் எப்பே வீட்டுக் கொடிக்கம்பத்தில் மாட்டிக்கொண்டது. பிறந்தநாளென்றால் இங்கே வீட்டில் கொடி ஏற்றுவது வழக்கமாயிற்றே, கொடி ஏறியிருக்கிறது, எப்பேவுக்குப் பிறந்தநாள் என்று தெருவே முடிவுகட்டி, பன்னும் கேக்குமாகப் போய் நின்றுவிட்டது. பேக்கரி நடத்தும் இங்கர், "ஏய் கிழவா, எழுபது ஆயிடுச்சா? மூச்சு விடலியே!" என்று கட்டிக்கொண்டாளாம். அவனும் இல்லையென்று சொல்லாமல் காபி போட்டுவிட்டான். விரிப்பைக் கேட்கப் போன நான் பிறந்தநாள் பாட்டுப் பாடிவிட்டுக் கேக் தின்றுகொண்டிருந்தேன்.

எப்பே விடுவானா, அத்தனை பேருக்கும் முன்னால் ஆரம்பித்தான். "உன் தாத்தா சதுப்பு மண்ண வெட்டிக் காயவெச்சு அடுப்பு எரிச்சாரு, அப்ப இங்க பத்துக் குடிசை. கப்பல்ல கரி வந்துச்சு, செங்கல் சூளை வந்துச்சு, பள்ளிக்கூடம் வந்துச்சு. சூளைய எண்ணெய்க்கு மாத்தினாங்க, எண்ணெய் விலை ஏறுச்சு, சூளை போச்சு, பின்னாலயே புள்ளைங்களும் போச்சு. இப்பக் காத்தாலை வந்தா அந்தக் கரண்ட்ட நம்பிக் கண்ணாடித் தொழிற்சாலை வருது, நாப்பது குடும்பம் வரும். நீ என்னடான்னா மேட்டுல முயல் மேய்க்கிற!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சொன்னது சரி, அதுதான் எனக்கு எரிச்சல். இன்னொரு துண்டு கேக்கை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டேன்.

பதினோரு வருஷமாக அந்த நிலத்தில் புல் வெட்டுகிறேன். உன் சமையலறை எந்தப் பக்கம் வரும் என்று குச்சி நட்டு அளந்துகூடப் பார்த்தேன், அம்மாவிடம் முயல் பொந்தை அடைப்பதாகச் சொன்னேன். நீ வருவாயானால் எப்பே வேறு மேடு தேடிக்கொள்ளட்டும். வரமாட்டாயானால் அதையும் சொல்லிவிடு, கோபித்துக்கொள்ள மாட்டேன், கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். வேறு யாருடைய பிள்ளைகளாவது இங்கேயே இருக்கட்டும்.

நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நிறைவாக இருக்க வேண்டும். தொப்பி இல்லாமல் வெயிலில் அலையாதே. பதிலைக் கடிதத்திலேயே எழுது, போனில் சொன்னால் அம்மா பக்கத்தில் இருப்பாள், என்னால் அழ முடியாது.

உன் அப்பா,
ட்ரோல்ஸ்