உள்ளே ஆள் இல்லை

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். இதை அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

இன்று காலை புதிய பிரஸ் இயந்திரத்தின் முதல் ஓட்டம். சோதனைக்கு நான்தான் பொறுப்பு. உள்ளே இறங்குகிற ஒவ்வொருவரும் மெயின் சுவிட்சில் தன் பூட்டை மாட்ட வேண்டும்; வெளியே வந்ததும் அவரே கழற்ற வேண்டும். ஒரு பூட்டு தொங்கினாலும் இயந்திரம் ஓடாது. சுவிட்சில் ஒரு பூட்டும் இல்லை. ‘உள்ளே ஆள் இல்லை’ என்று எழுதியிருந்த தாளில் கையெழுத்திட்டேன். விரலைப் பட்டன்மேல் வைத்தேன்.

உள்ளேயிருந்து ஒரு தும்மல் கேட்டது.

ஃபிட்டர் அண்ணன் ஊர்ந்து வெளியே வந்தார்.

“உங்க பூட்டு எங்கண்ணே?”

“சாவியை ரூம்லயே விட்டுட்டேன் தம்பி. அதான் வெல்டர் பூட்டு தொங்குதே, ரெண்டு பேருக்கும் அது போதும்னு இறங்கிட்டேன். ஏன், பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?”

வெல்டர் தன் வேலையை முடித்து, பூட்டைக் கழற்றிக்கொண்டு டீ குடிக்கப் போயிருந்தார்.

மதியம் அண்ணன் பக்கத்தில்தான் சாப்பிட உட்கார்ந்தேன். அவர் ஏதோ பேசினார். அவர் மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் கொஞ்சம் அதிக நேரம் பேசுங்கள். மோட்டார் ரிப்பேரைப் பற்றியானாலும் சரி.

வேன் வந்துவிட்டது. எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளை இன்னும் கிழிக்கவில்லை. அதில் என் கையெழுத்து மிக அழகாக இருக்கிறது.

உங்கள் மகன்