யேரோவுக்கு நான் கொடுத்த மரியாதை

நவம்பர் 4

ஒத்திகை. தொண்டை கரகரக்கிறது. புதுப் பாட்டில் முதல் அடி என் போபோ மொழியில், அடுத்தது யேரோவின் ஃபுலானியில், மூன்றாவது கிட்டார்க்காரன் ரவோகோவின் மொசியில். யேரோ புல்லாங்குழலை இறக்கிவிட்டுச் சொன்னான்: "அடியே சோளக்கள்ளு, நீ பாடுறதக் கேட்டா என் மாடு கறவைய நிறுத்திரும்." நான் விடுவேனா? "எங்க வீட்டு அடிமைக்கு வாயப் பாரு" என்றேன். போபோ என்றால் கள், ஃபுலானி என்றால் மாடு; பதினோரு வருடமாக இதே கூத்துதான்.

நவம்பர் 8

கச்சேரியில் மேல் சுரத்தில் குரல் உடைந்தது. அத்தனை கூட்டமும் அமைதியாகிவிட்டது. யேரோ மைக்கைப் பிடுங்கி, "கோவிச்சுக்காதீங்க, காலையிலேயே ரெண்டு குடம் கள்ள இறக்கிட்டா" என்றான். கொல்லென்று சிரித்தார்கள்.

காலையில்தான் டாக்டர் சொல்லியிருந்தார் — தொண்டையில் முடிச்சு, பழைய குரல் இனி வராது என்று. நான் யாரிடமும் சொல்லவில்லை. அவனுக்கு எப்படித் தெரியும்? தெரியாதுதான். ஆனாலும் அவன் எப்படிச் சொல்லலாம்?

நவம்பர் 11

யேரோ சுரைக்குடுவையில் பால் கொண்டுவந்தான். எழுந்து நாற்காலி போட்டேன். முதல்முறையாக அவன் குடும்பப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். "உட்காருங்க, சிதிபே ஐயா. பாலுக்கு ரொம்ப நன்றி."

அவன் முகம் செத்துப்போனது.

ரவோகோ என்னை வெளியே இழுத்துப் போனான். "போபோவும் ஃபுலானியும் ஏசிக்கணும்ங்கிறது பாட்டன் காலத்து உறவு. அதுல கோவப்பட உனக்கு யாரு உரிமை குடுத்தா? அவன நாலு அறை அறைஞ்சிருக்கலாம். மரியாதை குடுத்திட்டியே, பாவி."

நவம்பர் 14

இப்போது அவனும் "சரிங்க", "நல்லதுங்க" என்கிறான்.

நவம்பர் 19

மேல் சுரத்தை விட்டுவிட்டுப் பாடினேன். ஒத்திகை பிசகில்லாமல் நடந்தது. யாரும் சிரிக்கவில்லை.

அன்றைக்கு அவன் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்தக் கூட்டம் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்கும். அதை நான் தாங்கியிருப்பேனா? இது உறைக்க எனக்குப் பதினொரு நாள் ஆகியிருக்கிறது.

ஒத்திகை முடிந்ததும் யேரோ பான்ஃபோராவிலுள்ள அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டான், வெள்ளிக்கிழமை வருவான். சனிக்கிழமை மேடையிலேயே விடப்போகிறேன்: "இவன் ஊதினதக் கேட்டுத்தான் இவன் மாடெல்லாம் ஊரவிட்டு ஓடிப்போச்சு." நாலு தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

நவம்பர் 21

பான்ஃபோரா சாலையில் லாரி மோதி... யேரோ போய்விட்டான்.

நவம்பர் 22

நேற்றே அடக்கம். வெள்ளைத் துணிக்குள் முற்றத்தில் கிடந்தான். ஃபுலானி வீட்டுச் சாவில் போபோ ஒருத்தராவது செத்தவரைப் போல நடித்துக் கேலி செய்ய வேண்டும். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எந்த முகத்தோடு நடிப்பேன்?

அவன் மனைவி கும்போ உள்ளே போய் அவன் ஓலைத் தொப்பியை எடுத்துவந்து என் தலையில் வைத்தாள். "தினம் வீட்டுக்கு வந்து, 'இன்னைக்கும் அவ என்னத் திட்டலடி'ன்னு சொல்வாரு. திட்டு, ஸோகோ. போறதுக்குள்ள திட்டிரு."

அவனைப் போலக் காலை அகட்டி நடந்தேன். அவன் குழலை எடுத்து வெறும் காற்றாக ஊதினேன். "எங்கள ஒரு வார்த்தை கேக்காம எங்கடா கெளம்பிட்ட? அடிமைப் பயலே, எந்திரி" என்று கத்தினேன். சிரித்தார்கள். கும்போ அழுதுகொண்டே சிரித்தாள். மாடு ஓடிப்போனதையும் சொன்னேன்.

சொல்லிவிட்டு அவன் பதிலுக்காக நின்றேன். நிஜமாகவே நின்றேன், கிறுக்கி.

ஜனவரி 13

தொண்டை விஷயத்தைக் குழுவில் சொல்லிவிட்டேன். இனி எனக்குத் தாளம் மட்டும்தான். புதுப் புல்லாங்குழல்காரர் ரவோகோவைப் போல மொசி இனம், போபோவோடு ஏசிக்கொள்ளும் உறவு கிடையாது; தங்கமான மனுஷன். நான் நுழைந்ததும் எழுந்து நாற்காலி போட்டார்.

"உட்காருங்கம்மா. தொண்டை இப்ப எப்படி இருக்கு?"

ரவோகோ குனிந்து கிட்டார் கம்பியைத் திருகிக்கொண்டிருந்தான். நான் உட்கார்ந்தேன். நன்றி சொன்னேன்.