வழி கேட்காமல் போனவளுக்கு

மகள் மாரித்துக்கு அம்மா ஸலமத்தா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் தம்பி யாக்கூபா, ஆடுகள் எல்லோரும் சுகம். பெரிய மாமா லஸ்ஸானேவின் முழங்கால் மட்டும் சுகமில்லை, அது எப்போது சுகமாக இருந்தது. நீ சுகமா என்று கேட்க வேண்டும், கேட்டுவிட்டேன். மழை தொடங்குமுன் போனவளுக்குக் கம்பு கதிர் விடும்போது எழுதுகிறேனே என்று குறைப்படாதே, அப்போதே எழுதியிருந்தால் அதிலிருக்கும் வசவுக்கு அதைத் தபாலில் சேர்க்க முடிந்திருக்காது.

உனக்கும் எனக்கும் எட்டு வயதுதான் வித்தியாசம். ஆனாலும் நீ கடல் தாண்டி இங்கே சேவைக்கு வந்த அன்று ஊரார் முன்னால், மரியாதைக்கு வைக்கிற கோலாக்கொட்டையை வைத்து, இவள் என் மகள், இவள் செய்கிற தவறெல்லாம் என் தலையில் என்று சொன்னவள் நான். நீ அதை ஏதோ சடங்கு என்று படம் எடுத்துக்கொண்டாய், நான் மெய்யாகவே சொன்னேன். காலையில் நீ வேலையற்று ஓடுவாயே, உன்னை எதுவோ துரத்துகிறது என்று கிழக்குத் தெரு ஆட்கள் தடியோடு பின்னால் ஓடி வந்தார்களே, அன்று வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டவள் யார். கதவைச் சாத்திக்கொண்டு நீ புத்தகம் படித்தால், "புள்ள மனசொடஞ்சு கெடக்காளே, என்ன சொல்லித் திட்டின?" என்று கேள்வி எனக்குத்தான் வந்தது. அதெல்லாம் போகட்டும். வழி கேட்பது, புறப்படுமுன் வீட்டுக்கு மூத்தவரிடம் விடை வாங்குவது, உனக்குத் தெரியாத விஷயமா? வந்த மூன்றாம் மாதமே கற்றுக்கொண்டாய், பம்புக்குத் தண்ணீர் எடுக்கப் போகக்கூட பெரிய மாமா முன்னால் குந்தி "வழி குடுங்க" என்று கேட்டு அவரைச் சிரிக்க வைத்தாய். அவரும் ஒவ்வொரு தடவையும், "பாதிதான் தருவேன் புள்ள, மீதிய நீ திரும்பி வந்து வாங்கிக்கோ" என்பார். தண்ணீருக்குக் கேட்டவள், நாட்டை விட்டுப் போகும்போது கேட்கவில்லை.

நான் பம்பிலிருந்து வரும்போது உன் அலுவலகத்து வண்டி கிளப்பிய புழுதிதான் மிச்சம். அறையைப் பெருக்கியிருந்தாய். பாயின் மேல் உன் துணிகளை மடித்து வைத்து, ஒவ்வொன்றின் மேலும் இன்னாருக்கு என்று சீட்டு. எனக்கு எழுதிய சீட்டில், எங்கள் அழுகையைப் பார்க்க உனக்குத் தாங்காதாம், அதனால் சத்தமில்லாமல் போகிறாயாம். இரண்டு வருஷம் இங்கே இருந்தாயே, எத்தனை சாவு வீட்டுக்கு உன்னைக் கூட்டிப் போனேன், துணியை மடித்துப் பெயர் சொல்லிப் பங்கு வைப்பது யாருடைய துணியை என்று ஒரு தடவையாவது கவனித்தாயா? என் ஓரகத்தி தெனே எட்டிப் பார்த்தவள் தலையில் கை வைத்துக்கொண்டு கத்தினாள் பார், உச்சிவேளைக்குள் பாதி ஊர் வந்து உட்கார்ந்துவிட்டது. "காய்ச்சலா, பாம்பா?" என்று ஒருத்தி மூக்கைச் சிந்திக்கொண்டே கேட்டாள், "கார்" என்றேன். உயிரோடுதான் போனாள் என்று தெரிந்ததும் இழவு முகமெல்லாம் மாறி என் பக்கம் திரும்பியது. "ஆத்தாகிட்ட சொல்லாமப் போற அளவுக்கு நீ என்னடி பண்ணின அந்தப் புள்ளைய?" அன்றிலிருந்து பம்பில் என் குடத்துக்கு முன்னால் எல்லோருடைய குடமும் வருகிறது, நான் வணக்கம் சொன்னால் பாதி பேருக்குக் காது கேட்பதில்லை. உன் தக்காளிப் பாத்திகளில் ஆடு மேய்கிறது. நான் வேலி கட்டவில்லை, கட்டவும் மாட்டேன்.

ஒன்றை மட்டும் சொல்கிறேன், நன்றாகக் கேள். இந்த ஊருக்கு நானும் அயலாள்தான். போபோ பட்டணத்தில் கல்லூரியில் படித்தவள், கல்யாணமாகி இங்கே வந்தபோது எனக்கும் கம்பு குத்தத் தெரியாது. "பட்டணத்துக்காரி ஒலக்கையப் புடிச்சா ஒரலுக்கே வலிக்குது" என்று தெனே ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். அதே உரலில் நீ பாதி கம்பைத் தரையில் கொட்டியபோது கை தட்டினார்கள். என் களி கட்டி தட்டினால் அது வளர்ப்பின் குற்றம், உன் களி கட்டி தட்டினால் கோழிக்குப் போட்டுவிட்டு இன்னொரு தரம் செய்யச் சொன்னார்கள். நான் அப்போது பொறாமைப்படவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நமக்குள் வித்தியாசம், உனக்கு வண்டி அனுப்ப ஒரு அலுவலகம் இருந்தது.

இப்போது உன்னால் எனக்கு என்ன ஆனது என்று கேள். வாஹிகுயா பட்டணத்தில் நான் ஆசிரியர் தேர்வு எழுத, என் வீட்டுக்காரர், உன் அப்பா, தான் வேலை செய்கிற ஐவரி கோஸ்ட் கோகோ தோட்டத்திலிருந்து ஒருவழியாகச் சம்மதம் சொன்னார், அதுவும் இந்த ஒரு வருஷத்துக்கு மட்டும். நான் போய்ப் பெரிய மாமாவிடம் வழி கேட்டேன். மனுஷர் காலைத் தடவிக்கொண்டே, "ஒன் வீட்டுலருந்து போறவங்க வழி கேக்குறதில்லையே, நீ மட்டும் எதுக்குக் கேக்குற?" என்றார். பிறகு, "மொதல்ல ஒன் மகளுக்குக் கேளு, அப்புறம் ஒனக்கு" என்றார். சரியென்று கோலாக்கொட்டையோடு போய், ஊருக்கு முன்னால் குந்தி, இல்லாதவளுக்காக வழி கேட்டேன். "பாதியா முழுசா, நீதானே ஆத்தா, நீயே சொல்லு" என்றார். "முழுசுன்னா அவளோட இந்த வீட்டுக்கு உள்ள பேச்சு முடிஞ்சுது, துணியப் பங்கு போட்டுக்கலாம், நீயும் நாளைக்கே பஸ் ஏறலாம். பாதின்னா மீதிப் பாதி ஒன் கையில, அவ வந்து வாங்குறப்ப நீ வீட்டுல இருக்கணும், அது வரைக்கும் ஒனக்கு வழி இல்ல." இது பழைய வழக்கமா, அந்த நிமிஷத்தில் அவரே உண்டாக்கியதா என்று எனக்குத் தெரியாது, அவரை மறுத்துப் பேச யாரும் இல்லை. தெனே என் முதுகில் இடித்து, "முழுசுன்னு சொல்லித் தொலையேன்டி, நீலப் பாவாடைய எனக்குன்னுதானே எழுதி வெச்சிருக்கா" என்று முணுமுணுத்தாள். முழுசு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். முழு வழி இங்கே செத்தவர்களுக்குக் கொடுப்பது, துரத்தப்பட்டவர்களுக்குக் கொடுப்பது. யாக்கூபா பிறந்த அன்று என் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு என்னைவிடப் பெரிதாகக் கத்தினாயே, அந்தப் பாழாய்ப்போன சத்தம் நினைவுக்கு வந்தது. பாதி என்று சொல்லிவிட்டேன். உன் மேல் இருக்கிற கோபத்தைவிட என் வாயின் மேல் இருக்கிற கோபம் பெரிது. மன்னித்துவிட்டேன் என்று எண்ணிக்கொள்ளாதே, நான் எதையும் மன்னிக்கவில்லை.

ஆகவே வந்து சேர். கம்பு அறுவடை முடிந்ததும் தேர்வு, அதற்கு முன்னால் வர வேண்டும். டிக்கெட் விலை, வேலை, விடுமுறை என்று எனக்குப் பதில் எழுதாதே, இங்கே வரும்போது மட்டும் அதெல்லாம் உனக்குத் தடையாக இருந்ததா. நீ வராவிட்டாலும் நான் சொன்ன சொல்லை மாற்றப் போவதில்லை, தேர்வு நாளில் இந்த வாசலில் உட்கார்ந்திருப்பேன், அதை நீ அங்கே தெரிந்துகொண்டு சாப்பிட்டுத் தூங்கு. நின்றுகொண்டே சாப்பிடுகிற பழக்கத்தை விடு. தலையை ஈரமாக வைத்துக்கொண்டு குளிரில் அலையாதே.

கடவுள் உனக்கு நல்ல விடியலைக் காட்டட்டும், உன்னைப் பெற்றவளுக்கு நீண்ட ஆயுள் கொடுக்கட்டும், உன் காலைக் கல்லும் முள்ளும் தொடாமல் இந்தப் பக்கம் திருப்பட்டும். வந்ததும் என்னிடம் ஓடி வராதே, முதலில் பெரிய மாமா முன்னால் குந்தி, வந்தவர்களுக்குக் கொடுக்கிற கம்புத் தண்ணீரைக் கடைசி வரை குடி. பரிசு எதுவும் வேண்டாம். திட்டு வாங்க நேரம் வைத்துக்கொண்டு வா.

இப்படிக்கு,
வீட்டை விட்டு நகர முடியாத உன் அம்மா,
ஸலமத்தா