மேட்டில் மிதித்த சைக்கிள்

அன்புள்ள அம்மாவுக்கு வெண்ணிலாவின் வணக்கம். கால்வலி குறைந்ததா?

சைக்கிளில் வேலைக்கு வர ஒப்புக்கொள்கிறவர்களுக்கு உங்கள் மில்லில் சைக்கிளும் காலைப் பலகாரமும் தருகிறார்களாமே! ஓட்டத் தெரியாதென்று மறுத்துவிடாதீர்கள். இனியும் வெறும் வயிற்றோடு நடக்க வேண்டாம். நான் பழகிவிட்டேன், விடுமுறையில் உங்களுக்குக் கற்றுத் தருகிறேன்.

விடுதியில் சமைக்கும் குப்பாயி அக்காவின் சைக்கிளில்தான் பழகினேன். சரிவில் நன்றாக ஓட்டினேன். அக்கா சிரித்தார்: "இறக்கத்துல மூட்டைகூட உருண்டு போகும் கண்ணு. மேட்டுல மிதிச்சுக் காட்டு பாக்கலாம்!" மிதித்தேன், விழுந்தேன். முழங்காலில் சின்னச் சிராய்ப்புதான். இப்போது மேட்டிலும் ஓட்டுகிறேன்.

தேங்காய் எண்ணெய் கொடுத்தனுப்புங்கள். உங்கள் பழைய சேலை ஒன்றும் வேண்டும், ஏற்காட்டில் குளிர். துவைக்காவிட்டாலும் பரவாயில்லை.

நம் குப்பனூர் சமதளம்தானே, பயப்படாதீர்கள். நீங்கள் சொல்லும்வரை பின்சீட்டிலிருந்து கையை எடுக்கமாட்டேன். வார்டனின் செருப்புச் சத்தம் கேட்கிறது, விளக்கை அணைக்கிறேன்.

வெண்ணிலா