அக்காவின் மாருக்கு ஏற்ற துணி

என் தங்கமான சுமதி அக்கா,

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் எழுதுகிறேன். பிழை இருந்தால் சிரித்துக்கொள். உனக்கு ஒரு நல்ல சேதி இருக்கிறது. ஆனால் கெட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அபிக்கு உன்னை ஞாபகம் இல்லை. உன் போட்டோவைக் காட்டி, யாருடி இது என்று கேட்டேன். "ஆன்ட்டி" என்றாள். உன் நாத்தனாரைத்தான் அவள் அம்மா என்று கூப்பிடுகிறாள். உன் சேலைகளை யார் யாரோ கட்டுகிறார்கள். மாமா ஓசூர் பக்கம் வேலைக்குப் போய்விட்டார். எப்போதாவது போன் வரும். அதிலும் உன் பேச்சு வராது.

இந்தக் கடிதத்தை ஊரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். நேரில் பேச எனக்கு வாய் வராது என்பது உனக்குத் தெரியுமே.

உனக்கு மார் பெரிது. எழுதக் கை கூசுகிறது. ஆனால் அதைச் சொல்லாமல் உன் கதையைச் சொல்ல முடியாது. அபி பிறந்து பால் சுரந்ததும் இன்னும் கனத்துப் போனாய். தோளில் ஜாக்கெட் பட்டை பதிந்த இடம் பள்ளமாகக் கிடக்கும். குழாயடியில் என்ன சொல்வார்கள்? "இன்னா சுமதி, மோர்ப்பானைய முன்னாலயே கட்டிக்கினு வந்துட்டியா?" உண்ணாமுலை என்று அம்மனைக் கைகூப்பிக் கூப்பிடுகிற ஊர் இது. உன்னைப் பார்த்தால் மட்டும் அதற்குச் சிரிப்பு வந்துவிடும்.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரம் இருந்த உன் மோர்க்கடையில்தான் வீடு ஓடியது. அபியோ கீழே விட்டால் அலறுவாள். பிள்ளை இல்லாத உன் நாத்தனார் வேங்கிக்காலில் புது வீடு கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

"கடைய பாக்கணும்னா புள்ளைய எங்கிட்ட வுட்டுடு. புள்ள வேணும்னா நீயே தூக்கிக்கினு வேல செய். ரெண்டுல ஒண்ணு சொல்லு," என்றாள். மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதனால்தான் துணி தேடினோம். அபியை உன்னோடு கட்டி வைக்க ஒரு துணி. கிடைக்காவிட்டால் அபி போய்விடுவாள்.

ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்திருந்த வெள்ளைக்காரம்மா தன் பிள்ளையைக் கட்டும் துணியைக் கொடுத்தார். பனியன் துணிபோல இழுபடும். அவருக்கு மார் தட்டை, அவருக்குச் சரியாக இருந்தது. உனக்கு அது மதியத்துக்குள் தொய்ந்துவிட்டது. அபி சரிந்து இறங்கி, அவள் மூக்கு உன் மாரில் புதைந்தது. திடீரென்று சத்தமில்லாமல் போனவளை நீ வெளியே இழுத்துப்போட்டுக் கத்தினாயே, அந்தக் கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அப்புறம் டவுனில், பக்கிள் வைத்த பேபி கேரியர். பட்டை இரண்டும் மெல்லிசு, தோள் பள்ளத்திலேயே போய் அறுத்தது. நெஞ்சுப் பட்டை எட்டவே இல்லை. கடைக்காரப் பெண் இழுத்துப் பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தாள். "ஏய், இவங்களுக்கு லாரி பெல்ட்டு எதுனா இருக்கா பாருடி!" நீயும் கூடச் சேர்ந்து சிரித்தாய். பஸ்ஸில் வீடு வரும்வரை முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டே வந்தாய்.

நான் வேலை செய்யும் தையல் கடையில் உட்கார்ந்து யோசித்தேன். பிள்ளை நடு நெஞ்சில் உட்கார்ந்தால் உன் மார் அவளை முன்னால் தள்ளும், உன் இடுப்பு பின்னால் வளையும். அதனால் பக்கவாட்டில், இடுப்புக்குச் சற்று மேலே உட்கார வேண்டும். துணி இழுபடக் கூடாது. தோளில் கயிறாய்ச் சுருளாமல் தோள்முனை வரை அகலமாக விரிய வேண்டும். தறித்துணி வாங்கி, முனையில் இரண்டு இரும்பு வளையம் வைத்துத் தைத்தேன். பால் கொடுக்க வளையத்தைத் தளர்த்தி அவளை இறக்கலாம், குடித்ததும் மறுபடி ஏற்றிவிட வேண்டும். மார் பிள்ளைமேல் சாயாமல் இருக்க அடியில் ஒரு சின்னத் துண்டைச் சுருட்டி வைத்தோம். குனிந்தால் அவள் உச்சந்தலையில் உன் வாய் படும். அவள் மூக்கு எப்போதும் உன் கண்ணுக்குத் தெரியும்.

"கையில புள்ளயே இல்லாத மாதிரி இருக்குடி," என்று இரண்டு கையையும் வீசிக் காட்டினாய்.

ஒரு பௌர்ணமி சாயங்காலம். கிரிவலம் வந்த ஒரு அம்மா கடை முன்னால் நின்றாள். மோர் வேண்டுமா என்று நீ கேட்பதற்குள் ஒரு பத்து ரூபாய் நோட்டை உனக்கும் அபிக்கும் நடுவே துணியில் செருகினாள். "கொழந்தைக்கு எதுனா வாங்கிக் குடும்மா," என்று கும்பிட்டுவிட்டுப் போனாள். கெட்டவள் இல்லை. இந்தப் பாதையில் பிள்ளையை உடம்பில் கட்டியிருப்பவள் வெள்ளைக்காரியாக இருந்தால் ஃபேஷன். நம் நிறத்தில் இருந்தால் பிச்சைக்காரி. அவளுக்கு அவ்வளவுதான் தெரியும்.

ஆனால் பின்னால் உன் நாத்தனார் வந்துகொண்டிருந்தாள், தெருக்காரப் பெண்களோடு.

"என் தம்பி பொண்டாட்டி புள்ளைய மார்ல கட்டிக்கினு பிச்ச எடுக்கறா! நாலு பேர் பாத்தாங்க. என் மூஞ்சிய எங்க வெச்சிக்கறது?"

மாமா ஒன்றும் கேட்கவில்லை. வளையத்தைத் தளர்த்தக்கூடத் தெரியாமல் துணியைக் கத்தரித்து அபியை எடுத்தார். அன்றைக்கே அபி உன் நாத்தனாரோடு வேங்கிக்காலுக்குப் போனாள்.

பால் நிற்குமா அக்கா? கட்டிக்கொண்டு கல்லாகிவிட்டது. உன் நாத்தனார் மல்லிகைப்பூ கொடுத்தனுப்பினாள். மாரில் வைத்துக் கட்டினால் பால் வற்றுமாம். பிள்ளையை வைத்துக்கொண்டு பூவை அனுப்பினாள். நீயும் கட்டிக்கொண்டாய். காய்ச்சல் வந்தது, சிவந்தது, சீழ் வைத்தது. டாக்டரிடம் போகலாம் என்று நம் அம்மா அழுதாள். "ஊரே பாத்து சிரிச்சது போதாதா? அவரு வேற பாக்கணுமா?" என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டாய். தூக்கிக்கொண்டு போனபோது விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள்.

வெட்கப்பட்டே செத்தாய். உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை.

இப்போது அந்த நல்ல சேதி. உன் நாத்தனாருக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. போன வாரம் தையல் கடைக்கு வந்தாள். ஆளே ஊதிப் போயிருந்தாள். தோளில் உனக்கு இருந்த அதே பள்ளம். கையில் பையன், பின்னால் மூக்கு ஒழுக அபி. அவளையும் நான் அக்கா என்றுதான் கூப்பிட வேண்டியிருக்கிறது.

"எதுவும் எனக்கு சேர மாட்டேங்குதுடி. மார் ரொம்ப ஜாஸ்தியாயிடுச்சி. உங்கக்காவுக்கு தெச்சியே, அத மாதிரி ஒண்ணு தெச்சிக் குடு. காசு எவ்ளோ?"

தையல் மிஷினைப் பார்த்தே சொன்னேன். "காசு வேணாங்க்கா. அபிய குடுங்க."

சண்டை வரும் என்று நினைத்தேன். கெட்ட வார்த்தை வரும், மாமாவுக்கு போன் போகும் என்று நினைத்தேன். அவள் பையனை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"இட்டுக்கினு போ. எனக்கு இவன் ஒருத்தனே ஜாஸ்தி. துணி மட்டும் வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்."

அவ்வளவுதான் அக்கா. எதற்காக நீ செத்தாயோ அதை அவள் ஒரு துணிக்குக் கொடுத்துவிட்டாள்.

அவளுக்கு அளவெடுத்தேன், தைத்தேன். வளையத்துக்கிட்டே தையலைக் கொஞ்சம் விட்டுவிடலாமா என்று தோன்றியது. உள்ளே உட்காரப் போவது அந்தப் பையன். இரட்டைத் தையல் போட்டேன்.

அபி இப்போது நம் வீட்டில் இருக்கிறாள். சந்தோஷப்படாதே. "அம்மாகிட்ட போவணும்" என்று அழுகிறாள். உனக்காக இல்லை, உன் நாத்தனாருக்காக. வாசற்கதவில் தலையை முட்டிக்கொள்கிறாள்.

உன்னை அம்மா என்று சொல்லச் சொல்லி அவளை மிரட்ட மாட்டேன். அழுது முடிக்கும்வரை இடுப்பிலிருந்து இறக்க மாட்டேன். உடம்பில் எங்கே வலித்தாலும் வாய் திறந்து சொல்ல அவளுக்குக் கற்றுக்கொடுப்பேன். அதற்கு முதலில் நான் கற்றுக்கொள்ள வேண்டும். கற்றுக்கொள்கிறேன், அக்கா. இது சத்தியம்.

உன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தே வளர்ந்த தங்கச்சி,
அபியின் சித்தி