பாசஞ்சர் வண்டியில் பட்டு விற்றவனுக்கு

நேற்று பழைய சாமான் கடையில் உன் ரயிலைப் பார்த்தேன். முழு ரயில் இல்லை, ஒரு பெஞ்சு. மரச்சட்டம் வரிசையாக அடித்த அந்தக் காலத்துப் பெஞ்சு ஒரு கால் போய், உடைந்த மிக்சிகளுக்கு நடுவில் சாய்ந்து கிடந்தது. கையை வைத்து முகர்ந்து பார்த்தேன். துருவும் டீசலும் என்றைக்கோ யாரோ உரித்த வேர்க்கடலைத் தோலும் சேர்ந்து, தினமும் உன் சட்டையில் வீசிய அதே நாற்றம்.

"ஏலத்துல வந்துச்சிண்ணே. தேக்கு. எடுத்துக்கிறீங்களா?" என்றார் கடைக்கார பாய்.

"ஓடறப்பவே இதுல உக்காராதவன் நான். இப்ப காசு குடுத்து உக்காருவனா?"

"அது சரி, புது வண்டியிலயாச்சும் போனீங்களா?"

இல்லை என்றேன். என் கடைக்குத் திரும்பியும் வேலை ஓடவில்லை. உன்னைத் திட்டி நாளாகிவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த வண்டியைப் பற்றி நான் சொன்ன எதையும் இன்றைக்கும் மாற்றிக்கொள்ளப் போவதில்லை. பலகையில் நம் ஊர்ப் பெயர், ஸ்டேஷன் இருப்பதோ ஊரிலிருந்து பஸ் பிடித்துப் போக வேண்டிய தூரத்தில். ரயிலேற பஸ் ஏறு என்றால், அந்த பஸ்ஸிலேயே மிச்ச தூரமும் போனால் என்ன என்று கேட்பேன். நீ சிரிப்பாய். வேறு எங்கெங்கோ ஓடிக் களைத்த பெட்டிகளை, கட்டி நைந்த புடவையைப் பாத்திரம் தேய்க்கிறவளுக்குத் தள்ளிவிடுவது போல, நம் பக்கம் தள்ளிவிட்டிருந்தார்கள். சீப்பை விட்டுக் குத்தினால்தான் ஃபேன் சுற்றும் என்று நீயே சொல்வாய். ஜன்னல் திறந்தால் மூடாது, மூடினால் திறக்காது. எதிரே சரக்கு வண்டி வந்தால் ஓரம்கட்டிவிடுவார்கள். மூட்டைக்கு இருக்கிற அவசரம் மனிதனுக்கு இல்லை என்று யாரோ ஓர் ஆபீசில் உட்கார்ந்து முடிவு செய்துவிட்டார்கள்.

சொன்ன தேதிக்குச் சேலையை நெய்து இறக்காத தறிக்காரருக்கு, அடுத்த சேலை நெய்ய நான் பாவு நூல் கொடுப்பதில்லை. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இவர்கள் மட்டும் தினம் தினம் பேச்சு தவறலாம். உன்னை வழியனுப்ப வந்த நாளில் "எப்ப சார் வரும்?" என்று கேட்டால், கவுன்ட்டரில் இருப்பவர் தலையைத் தூக்காமல் பலகையைக் கை காட்டுவார். பலகையில் இருக்கும் நேரமோ எப்போதோ போயிருக்கும்.

அந்த வண்டியை நம்பித்தான் நீ பிழைத்தாய்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாம் இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் ஆரம்பித்தோம். முள்ளிப்பட்டுத் தறிகளில் சேலை வாங்கி, சைக்கிளில் கட்டிக்கொண்டு வீடு வீடாக விற்றோம். கொஞ்சம் காலூன்றியதும் நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை பிடித்தேன். நீ சீசன் டிக்கெட் எடுத்தாய். வண்டியில் விற்கிறவர்களில் டிக்கெட் எடுத்து ஏறியவன் நீ ஒருத்தன்தான் என்று நினைக்கிறேன். வெள்ளரிக்காய்க்காரனுக்கும் குருட்டுப் பாட்டுக்காரருக்கும் நடுவில் பட்டுச்சேலை. கேட்கிறவர்களிடம் உன்னை எனக்குத் தெரியாது என்று சொல்லலாமா என்றுகூட யோசித்திருக்கிறேன்.

"ரயில்ல எவன்டா பட்டு வாங்குவான்? கடலை வாங்குவான்" என்றேன் ஒருநாள்.

"முதலாளி, கேளு. அது திருப்பதி போற வண்டி. கல்யாணத்துக்குப் போறவன் குடும்பத்தோட ஏறுவான். எல்லாருக்கும் புடவை எடுத்திருப்பான். ஆனா எந்தக் கல்யாணத்துலயும் ஒருத்தி விட்டுப்போயிருப்பா. சித்தியோ, நாத்தனாவோ, மாப்ள வீட்டு அத்தையோ. அவ மூஞ்சியத் தூக்கி வச்சிகினு ஜன்னலோரம் உக்காந்துகினு இருப்பா. நான் அவளத்தான் தேடிகினு போவேன்."

"தேடி?"

"எதிர்ல உக்காந்து சேலையப் பிரிப்பேன். 'இந்த முந்தானைய கொஞ்சம் புடிம்மா, மடிச்சிக்கிறேன்'னு அவ கையில குடுப்பேன். அவ்ளோதான். புடிச்ச கை விடாது. குடும்பமே பார்த்துகினு இருக்கும். அப்புறம் எவனால வேணாம்னு சொல்ல முடியும்?"

இதை நீ வெட்கமே இல்லாமல் சொன்னாய். எனக்குக் கோபம் வந்தது, நியாயமாக இருந்ததால் வந்த கோபம். நீட்டிய காலெல்லாம் இடித்துக்கொள்ளும் சின்ன வண்டி. ஒரு சேலையைப் பிரித்தால் ஆறு பேர் மடியில் விழும். ஆறு பேரும் அபிப்பிராயம் சொல்வார்கள். ஓரத்தில் வண்டி நின்றால் உனக்குக் கொண்டாட்டம். மற்றவர்களெல்லாம் டிரைவரின் தாயைத் திட்டிக்கொண்டிருப்பார்கள், நீ அடுத்த சேலையைப் பிரிப்பாய். பெரிய ஆபீசர்கள் கூடிச் செய்த தாமதத்தில் லாபம் பார்த்த ஒரே மனிதன் நீ.

"ஒரு தபா என்கூட வாடா. எதிர் பெஞ்சுல நீ உக்காரு. முந்தானை புடிக்க ஆளில்லாத நாள்ல பேஜாரா கீது" என்று எத்தனை முறை கேட்டிருப்பாய். நான் போகவில்லை. அதற்காக வருந்தவும் இல்லை. கடையைப் பூட்டிவிட்டு அந்த அழுக்கில் உட்கார எனக்கு என்ன தலையெழுத்து?

பிறகு அகலப்பாதை போடுகிறோம் என்று வண்டியை நிறுத்தினார்கள். ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள், அவ்வளவுதான். வண்டியை நம்பிப் பிழைத்தவன் இத்தனை நாள் எங்கே போவான் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள், ஜல்லி கொட்டினார்கள், ஜல்லியில் எருக்கஞ்செடி முளைத்தது. வருஷங்கள் போயின.

நீ என் கடைக்கு வந்தாய். நான்தான் கூப்பிட்டேன். "பஸ் ஸ்டாண்டு முதலாளிகிட்ட கூலி வேல" என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தாய். வெள்ளை மெத்தையில் நாங்கள் சேலையைப் பாதி பிரித்துக் காட்டிவிட்டு மடித்துவிடுவோம். நீ முழுதாகப் பிரித்து, முந்தானையைக் கொண்டுபோய் வந்தவர்கள் கையில் கொடுப்பாய். அதுவும் மணப்பெண்ணிடம் இல்லை. ஒதுங்கிச் சுவரோரம் நிற்பாளே ஒருத்தி, அவளிடம். கடைப்பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். விற்றது. ஆனால் நீ சந்தோஷமாக இல்லை. சாயங்காலமானால் டீக்கடையில் போய், பாதை எதுவரை வந்திருக்கிறது என்று லாரிக்காரர்களை விசாரிப்பாய்.

"பெரிய வண்டி வரப்போவுதுடா. ஆறு மடி இல்ல, இனிமே எட்டு மடி."

உனக்குச் சர்க்கரை முற்றி, வேலூருக்கு என் காரில் அடிக்கடி போக வேண்டி வந்தது. வழியில் அந்த ரயில்வே கேட். புதுத் தண்டவாளம் வெயிலில் மின்னிக்கொண்டு கிடக்கும். வண்டி மட்டும் கிடையாது.

"கொஞ்சம் நிறுத்து."

"வண்டியே வராத கேட்டுல நின்னு இன்னா பண்ணப் போற?"

"கேட் போடறானான்னு பார்க்கலாம்."

நிறுத்தினேன். பின்னாலிருந்து பஸ்காரன் ஹாரன் அடித்தே கொன்றான். கேட் போடவில்லை. "சரி, அடுத்த தபா பார்த்துக்கலாம்" என்றாய். இரண்டு மூன்று தடவை அப்படி நிறுத்தியிருப்பேன். அதற்குப் பிறகு உனக்காக நிறுத்த வேண்டிய வேலை இல்லாமல் போனது.

நீ போன பிறகுதான் வண்டி வந்தது. வாழைமரம் கட்டி விழா எடுத்தார்கள். வியாபாரிகள் சங்கத்தின் சார்பில் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மேடையில் இருந்தவர்களுக்கெல்லாம் சால்வை. அதுவும் பவர்லூம் சால்வை, பட்டு ஊரில். பாதை போட்டவருக்கு, கொடியசைத்தவருக்கு, கேட்டவருக்கு, கேட்காதவருக்கு. எந்தக் கல்யாணத்திலும் ஒருத்தர் விட்டுப்போயிருப்பார்கள் என்று நீ சொன்னதுதான் நினைவுக்கு வந்தது. கொடுத்த லட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அந்த வண்டியில் ஏறுவதில்லை என்றும் முடிவு செய்தேன்.

பாயின் கடையில் அந்தப் பெஞ்சைப் பார்த்திராவிட்டால் இன்று காலையும் ஏறியிருக்க மாட்டேன். சும்மாவும் ஏறவில்லை, வேலூரில் ஒரு கடைக்கு மாதிரிச் சேலை காட்ட வேண்டியிருந்தது.

உன் பெரிய வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டால் சொல்கிறேன். இரண்டு பக்கமும் இன்ஜின் மூஞ்சி, எந்தப் பக்கம் போகும் என்று ஏறுகிறவனுக்குத் தெரியாது. இருக்கைகள் எதிரெதிரேதான், ஆனால் முழங்கால் இடிக்காது. யாரும் யாரையும் பார்ப்பதில்லை. காதில் ஒயர். எட்டு மடியும் இருக்கிறது, எட்டிலும் செல்போன் இருக்கிறது. ஃபேன் தானாகச் சுற்றுகிறது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

எதிரே ஒரு பெண், நர்சிங் படிக்கிறவள் போலிருந்தது. யாரோடோ சண்டையிட்டுவிட்டு வந்தவள் மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பையைத் திறந்தேன். சேலை மடிப்பு சரியாகத்தான் இருந்தது. இருந்தும் பிரித்தேன்.

"இந்த முந்தானைய கொஞ்சம் புடிம்மா. மடிச்சிக்கிறேன்."

ஒயரைக் கழற்றிவிட்டுப் பிடித்தாள். ஜரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எங்க அம்மாவுக்கு இந்தக் கலரு புடிக்கும்ண்ணா. இது..." என்று ஆரம்பித்தாள். அவ்வளவுதான், வண்டி நின்றுவிட்டது. அவள் இறங்க வேண்டிய இடம். உன் காலத்தில் அந்த ஸ்டேஷன் வருவதற்குள் ஒரு பேரம் முடிந்து, ஒரு குடும்பச் சண்டை தீர்ந்து, காப்பியும் குடித்திருக்கலாம். இந்த வண்டிக்கு அந்த அளவுக்குக்கூடப் பொறுமை இல்லை. "ஸாரிண்ணா" என்று முந்தானையை இருக்கையில் வைத்துவிட்டு ஓடினாள்.

எதிர் இருக்கையில் யாரும் வந்து உட்காரவில்லை. முந்தானை அங்கே கிடந்தது, மறுமுனை என் கையில். நான் இழுத்து மடிக்கவில்லை. வேலூர் வரை அப்படியே விட்டுவைத்தேன்.

சேலை கசங்கிவிட்டது. கடைக்காரர் முகத்தைச் சுளித்தார். அதற்கும் சேர்த்துத்தான் அந்த ரயிலைத் திட்டுகிறேன்.